வெள்ளவத்தையில் ஓர் ஆர்எக்ஸ்-8: எந்த வீல் போடலாம்?

சித்தியின் மகன் போன வருடம் ஒரு மஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கினான். 2004ஆம் ஆண்டுக் கார். வாங்கிய அன்று இரவு என்னைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி எஞ்சினைப் பற்றியதும் அல்ல, அது குடிக்கும் ஒயிலைப் பற்றியதும் அல்ல. "அண்ணா, இதுக்கு டீஈ37 போட்டா எப்பிடி இருக்கும்?"

டீஈ37 என்பது ஜப்பானின் ரேய்ஸ் நிறுவனம் செய்யும் ஒரு வீல். எப்படி இருக்கும் என்பது எனக்கும் தெரியும். வெண்கல நிறத்தில் ஆறு கம்பி, நடுவில் ஒரு சின்ன மூடி. எந்த ஜப்பான் காருக்குப் போட்டாலும் அழகுதான். ஆனால் அந்தக் கார் நிற்பது கொழும்பு வெள்ளவத்தையில், ஓர் ஒழுங்கைக்குள், மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே. ஓடுவது காலி வீதியில். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் மாத்தறைப் பக்கம். மழை பெய்தால் எந்தத் தண்ணீருக்குக் கீழே எந்தக் கிடங்கு இருக்கிறது என்று தெரியாத ஊர் இது. ஜப்பானில் ஒரு பந்தயத் தடத்துக்குச் சரியான பதில் இங்கே சரியாக இருக்க வேண்டும் என்றில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் நாட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆர்எக்ஸ்-8, எவலூஷன், இம்ப்ரெசா எல்லாவற்றையும் ஆட்கள் விற்காமல் வைத்து மெருகேற்றிக்கொண்டிருக்கிறார்கள். வீல் தேடும் ஆட்களும் கூடிவிட்டார்கள். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஒரு நல்ல செட் வந்து இறங்கினால் மாலைக்குள் போய்விடுகிறது. அவசரத்தில் வாங்கித்தான் பலரும் மாட்டுப்படுகிறார்கள்.

எங்கள் முன் இருந்த வழிகள் இவை: இருக்கும் ஒரிஜினலையே திருத்திப் பூசிக்கொள்வது, ஜப்பானின் என்கேய் நிறுவனம் செய்யும் ஆர்பிஎஃப்1 என்ற வீலைப் புதிதாக வாங்குவது, ஜப்பானிலிருந்து வந்த பழைய டீஈ37 தேடுவது, அதன் நகலைப் போடுவது. ஐந்தாவதாக ஒன்று பின்னால் வந்து சேர்ந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காரின் அளவு தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்

ஆர்எக்ஸ்-8இன் 18 அங்குல ஒரிஜினல் வீல் 8 ஜே (8 அங்குலம்) அகலம், ஒஃப்செட் +50. ஐந்து நட், பிசிடி, அதாவது நட் துவாரங்கள் அமைந்த வட்டத்தின் விட்டம், 114.3 மில்லிமீட்டர். நடுத்துவாரம் 67.1 மில்லிமீட்டர். நட் ஏறும் ஸ்டட் எம்12, அதன் மரைகளின் இடைவெளி (பிச்) 1.5. டயர் 225/45 ஆர்18, அதாவது அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 வீதம், வீல் 18 அங்குலம்.

இதில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பது பிசிடியை மட்டும்தான். "ஐந்து நட், நூற்றிப் பதினாலு, ஏறும்" என்று கடையில் சொல்வார்கள். ஏறாது. ஹொண்டா ஒரிஜினல் வீல்களில் பலவும் 5க்கு 114.3தான், ஆனால் நடுத்துவாரம் 64.1. மஸ்டாவின் ஹப், அதாவது வீல் பொருந்தும் நடுப்பாகம், 67.1. மூன்று மில்லிமீட்டர் இடிக்கும். நிசான் ஒரிஜினல் 66.1. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் குறைவு, அதுவும் உட்காராது. துவாரத்தைக் கடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்பார் ஒருவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள். மிட்சுபிஷியும் 67.1. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

கடைகளில் கிடைக்கும் வெளி வீல்கள், அதாவது ஆர்பிஎஃப்1, டீஈ37 போன்றவை, 114.3இல் வரும்போது நடுத்துவாரம் பெரும்பாலும் 73 மில்லிமீட்டர். எல்லாக் கார்களுக்கும் ஏற வேண்டும் என்று பெரிதாக விட்டிருப்பார்கள். அப்போது 73க்கும் 67.1க்கும் நடுவே ஒரு வளையம் வேண்டும். ஹப் ரிங் என்று கேட்டால் தருவார்கள். அது இல்லாவிட்டாலும் நட் இறுக்கலாம், கார் ஓடும். 80க்கு மேல் போனதும் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கும், நீங்கள் வீல் பேலன்ஸ் செய்பவரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது ஒஃப்செட். பணம் அதிகம் வீணாவது இங்கேதான். வீலின் அகலத்துக்கு ஒரு நடுக்கோடு உண்டு. ஹப்பில் பொருந்தும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் ஒஃப்செட். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். ஸ்கைலைன் ஜிடி-ஆர் வைத்திருப்பவர்கள் விரும்பும் 9.5 ஜே, +22 என்ற அளவில் ஒரு டீஈ37 செட் தம்பியின் கண்ணில் பட்டது. நட் எண்ணிக்கையும் பிசிடியும் சரி. கணக்குப் போட்டோம். அகலம் ஒன்றரை அங்குலம் கூடுகிறது. அதில் பாதி, 19 மில்லிமீட்டர், வெளிப்பக்கம். ஒஃப்செட் வித்தியாசம் இன்னும் 28. மொத்தம் 47 மில்லிமீட்டர் வெளியே. ஏறக்குறைய இரண்டு அங்குலம். மட்கார்ட்டை இழுத்துப் பெருப்பிக்காமல் அந்த வீலைப் போட முடியாது. அப்படியே போட்டால் சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். ஸ்டியரிங்கும் குழியைக் கண்ட பக்கம் இழுக்கும், பெயாரிங்குக்கும் பாரம் கூடும்.

தம்பிக்குக் கணக்குப் பிடிக்கவில்லை. "படத்தில பார்க்கேக்க நல்லா இருந்துது" என்றான்.

17, 18, 19

வீலின் பெயரைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். கொழும்பில் முதலில் தீர்க்க வேண்டியது விட்டம். 18இல் ஒரிஜினல் டயர் 225/45. பக்கச்சுவரின் உயரம் 101 மில்லிமீட்டர். 19க்குப் போய் 245/35 போட்டால் அது 86க்கு இறங்கும். 17க்கு வந்து 225/50 போட்டால் 112க்கு ஏறும். குழியில் விழும்போது டயரையும் வீலையும் காப்பாற்றுவது அந்தச் சில மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான்.

டயரின் மொத்த விட்டம் மாறக்கூடாது என்பதும் முக்கியம். 225/45 ஆர்18 ஏறக்குறைய 660 மில்லிமீட்டர். 225/50 ஆர்17 என்பது 657. வித்தியாசம் அரை வீதத்துக்கும் குறைவு, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 235/45 ஆர்17 போட்டால் 643. கார் எட்டு மில்லிமீட்டர் கீழே இறங்கும், மீற்றர் இரண்டரை வீதம் கூடக் காட்டும். ஏற்கெனவே தரையோடு தரையாக இருக்கும் காருக்கு, ஒழுங்கைகளில் போட்டிருக்கும் வேகத்தடைகளுக்கு, அந்த எட்டு மில்லிமீட்டரும் தேவை.

19ஐ நான் ஒரே பேச்சில் தள்ளிவிட்டேன். கண்காட்சிக் கார் என்றால் போடலாம்.

17க்கு இறங்குவதில் ஒரு தடை உண்டு, பிரேக். 18 அங்குல வீலோடு வந்த ஆர்எக்ஸ்-8இன் முன் டிஸ்க் 323 மில்லிமீட்டர். 16 அங்குல வீல் அதற்கு மேல் ஏறாது. 17இல் பல ஏறும், எல்லாம் ஏறாது. வீலின் உள்வடிவத்தைப் பொறுத்தது அது. வாங்கும் முன் ஒரு வீலையாவது முன்பக்கம் மாட்டி, கையால் சுழற்றிப் பாருங்கள். டிஸ்கைப் பிடிக்கும் கலிப்பருக்கும் வீலுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இடம் இருக்க வேண்டும். மாட்ட விடமாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டிய தேவை இல்லை.

வார்ப்பு, உருட்டு, அடிப்பு

வீல்கள் செய்யப்படும் விதம் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி எடுப்பது ஒன்று. மலிவு, ஆனால் பலம் வேண்டுமென்றால் தடிப்பாக ஊற்ற வேண்டும், எடை கூடும். இரண்டாவது, ஊற்றி எடுத்த பிறகு வெளி வளையத்தைச் சூடாக்கி, உருளைகளால் அழுத்திச் சுழற்றி இழுப்பது. சப்பாத்தி மாவை உருட்ட உருட்ட மெல்லியதாகவும் இழுவையாகவும் வருவதுபோல. என்கேய் நிறுவனம் தன்னுடைய இந்த முறையை மாட் என்று அழைக்கிறது. மூன்றாவது, திடமான அலுமினியக் கட்டியை ஆயிரக்கணக்கான தொன் அழுத்தத்தில் அடித்து உருவாக்குவது. ரேய்ஸ் நிறுவனத்தின் டீஈ37 இந்த வகை.

டீஈ37 வந்தது 1996இல். 15 அங்குல அளவில் 3.7 கிலோ எடை என்பதால்தான் அந்தப் பெயர். முப்பது வருடமாகியும் விற்பனையில் இருக்கிறது. இந்த வகை வீலில் எனக்குப் பிடித்தது எடை அல்ல, அடிபட்டால் அது நடந்துகொள்ளும் விதம். பலமான குழியில் விழுந்தால் அடித்துச் செய்த வீல் பெரும்பாலும் வளையும். ஊற்றிச் செய்த வீல் வெடிக்கும். வளைந்த வீலோடு மெல்ல மெல்ல வீட்டுக்கு வரலாம். வெடித்த வீலோடு ஹைலெவல் வீதியில் நிற்க வேண்டும்.

நின்றிருக்கிறேன். அப்போது என்னிடம் ஒரு பழைய லான்சர் இருந்தது. யாரோ செய்த ஒரு நகல் வீல் செட்டை ஆசைப்பட்டு வாங்கினேன். வெளியே பார்க்க அச்சொட்டாக அதே வடிவம். ஒரு நவம்பர் மாத மழையில் கிருலப்பனை தாண்டியதும் தண்ணீருக்குள் ஒரு குழி. சத்தம் பெரிதாக வரவில்லை. இறங்கிப் பார்த்தேன், வீலில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் காலையில் டயரில் காற்று பாதி. அடித்தேன், இரண்டு நாளில் மறுபடி பாதி. டயர்க் கடையில் கழற்றிப் பார்த்தபோதுதான் உள்வளையத்தில் மயிர்போல ஒரு வெடிப்பு. ஒட்டித் தந்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில், ஒட்டின கோட்டுக்குப் பக்கத்தில், மறுபடி விட்டது. அன்று மழை இல்லை, ஆனால் முன்னால் ஒரு பஸ் திடீரென்று பிரேக் அடித்தது. அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

அதனால் நகல் என்ற வழியைத் தம்பிக்குக் காட்டவே இல்லை. நகல் வேறு, மலிவு வீல் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். பிலிப்பைன்சில் செய்யப்படும் ரோட்டா, டீஈ37ஐ நினைவூட்டும் வடிவங்களை விற்கிறது, ஆனால் தன் பெயரைத் தானே பொறித்து, வார்ப்பு வீல் என்று சொல்லியே விற்கிறது. அது நேர்மையான வியாபாரம். ரேய்ஸ் ஸ்டிக்கரை ஒட்டி விற்பதுதான் பிரச்சினை.

ஜேடபிள்யூஎல் என்ற அடையாளம் இருக்கிறதே என்பார்கள். அது ஜப்பானின் அலுமினிய வீல் தரம். சுழற்றி வளைத்துப் பார்க்கும் சோதனை, பாரம் ஏற்றி உருட்டும் சோதனை, மோதல் சோதனை என்று மூன்று உண்டு. ஆனால் அந்த எழுத்துகளைப் பொறிப்பது தயாரிப்பாளரே. பக்கத்தில் விஐஏ என்றும் இருந்தால் வெளியாள் ஒருவர் சோதித்திருக்கிறார் என்று அர்த்தம். அச்சில் எதை வேண்டுமானாலும் செதுக்கலாம் என்பதால், நகல் வீலில் இரண்டு அடையாளமும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

பழைய டீஈ37, பஞ்சிகாவத்தையில்

சரி, உண்மையானதையே தேடுவோம் என்று ஒரு சனிக்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போனோம். இரண்டு கடை தாண்டி மூன்றாவதில் ஒரு செட் இருந்தது. 18 அங்குலம், 8.5 ஜே, +45. அளவு அருமை. வெளிப்பக்கம் 11 மில்லிமீட்டர் மட்டும் கூடும், உள்ளே ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"நானா, டயரைக் கழட்டிக் காட்ட ஏலுமா?" என்று கேட்டேன். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். டயரோடு பழைய வீல் வாங்குவது மூடின பெட்டி வாங்குவதுபோல. கழற்றினால் மூன்று விஷயம் தெரியும். ஒன்று, டயர் உட்காரும் இடத்தில் ரேய்ஸ் அடித்த வீல்களில் நுண்ணிய பல்வரிசைபோல ஒரு சொரசொரப்பு இருக்கும். பலமான பிரேக்கில் டயர் வழுக்காமல் இருக்க. நகல் செய்பவர்கள் பெரும்பாலும் அந்த வேலைக்கு மினக்கெடுவதில்லை. இரண்டாவது, உள்வளையத்தில் ஒட்டின தடம். புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய வீலைக் கண்டால் எனக்கு அதில்தான் சந்தேகம். மூன்றாவது எடை. நான் வீட்டுத் தராசையும் கொண்டுபோயிருந்தேன். தம்பிக்கு வெட்கமாக இருந்ததாம்.

எடை சரி. பல்வரிசை இருந்தது. உண்மையான வீல்தான். ஆனால் பேலன்ஸ் மெஷினில் ஏற்றிச் சுழற்றியபோது இரண்டு வீலின் உள்விளிம்பு அலைபோல ஆடியது. "நெளிவு எடுத்துத் தாறன்" என்றார் நானா. நல்ல மனிதர், மறைக்கவில்லை. இங்கே ஒரு சிக்கல். அடித்த வீலுக்கு அதன் பலம் வருவதில் வெப்பப் பதப்படுத்தலுக்குப் பெரிய பங்கு உண்டு. காஸ் அடுப்பில் சூடாக்கி நெளிவு எடுத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். வட்டம் வரும், பலம் வராது. சூடாக்காமல் அழுத்தி எடுக்கும் அளவு சிறு நெளிவு என்றால் யோசிக்கலாம். இது அப்படி இல்லை.

இன்னொன்றும் மனதில் இருந்தது. பழைய டீஈ37 செட்டில் ஒரு வீல் உடைந்தால் அதே வயது, அதே நிறம், அதே ஒஃப்செட்டில் இன்னொன்றை எங்கே தேடுவது? மூன்று வீலோடு ஒரு ராஜாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புதிதாக வாங்குவது என்றால் ஆர்பிஎஃப்1 விலையின் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். தம்பிக்கு அந்தளவு சம்பளம் இல்லை. எனக்கும் இல்லை.

வாங்கிய வீலோடு டயரும் வந்தால், பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள். 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம். ஜப்பானிலிருந்து வரும் செட்டுகளில் டயரின் பூவைப் பார்த்தால் புதிதுபோல இருக்கும், வயதைப் பார்த்தால் பாடசாலைப் பிள்ளை.

புதிய ஆர்பிஎஃப்1

என்கேய் 1995 முதல் மெக்லாரன் ஃபோர்மியூலா 1 அணியோடு வேலை செய்த நிறுவனம். ஆர்பிஎஃப்1இன் இரட்டைக் கம்பி வடிவமும் அந்த வழியில் வந்தது. ஊற்றி, உருட்டி இழுத்த வீல். எடையில் அடித்த வீல்களுக்குப் பக்கத்தில் வருகிறது, விலையில் வருவதில்லை. 17 அங்குலம், 8 ஜே, +45 என்ற அளவு ஆர்எக்ஸ்-8க்குக் கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒரு வீல் ஏழு கிலோவுக்குச் சற்று மேல். தம்பியின் ஒரிஜினல் 18ஐ டயர் இல்லாமல் தராசில் வைத்தபோது பத்துக் கிலோவை ஒட்டிக் காட்டியது. ஒரு வீலுக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் மிச்சம்.

இரண்டரைக் கிலோ பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு, இந்தக் காரில் அது பெரிய விஷயம்தான். ஆறு கியர் டைப் எஸ் வகைக்கு 250 குதிரைசக்தி, ஆனால் அது கிடைப்பது நிமிடத்துக்கு 8500 சுற்றில். முறுக்குவிசை 216 நியூட்டன் மீட்டர், அதுவும் 5500 சுற்றில். காலி வீதியில் 5500 சுற்றை எப்போது காண்பது? பம்பலப்பிட்டிச் சந்தியில் முதல் கியரில் நகரும்போது எஞ்சினிடம் கொடுப்பதற்கு அதிகம் இல்லை. அந்த நேரத்தில் சுழலும் எடை குறைவது காலுக்குத் தெரியும். ஸ்பிரிங்குக்குக் கீழே எடை குறைந்தால் சொக்கப்சோபரும் வீலை ரோட்டோடு நன்றாகப் பிடித்து வைக்கும். மேடு பள்ளம் வரிசையாக வரும் ரோட்டில் இது அதிவேக நெடுஞ்சாலையைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு குறை, உருட்டி இழுத்த மெல்லிய வளையம் என்பதால் கடும் அடியில் நெளியக்கூடும். 17இல் 225/50 டயரோடு அந்தப் பயம் குறைவு. 18இல் மெல்லிய டயரோடு இந்த வீலைக் கொழும்பில் ஓட்ட நான் சொல்லமாட்டேன். பெரிய வசதி, ஒரு வீல் போனால் ஒன்றை மட்டும் ஓடர் பண்ணலாம், இன்றும் செய்துகொண்டிருக்கும் வீல். கப்பலுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஒரிஜினலைத் திருத்துவது

இது யாருக்கும் பிடிக்காத பதில், அதனால் ஒரு பந்தியோடு விடுகிறேன். ஒரிஜினல் வீலைச் சுத்தம் செய்து பவுடர் கோட்டிங் பூசி, மிச்சப் பணத்தில் நல்ல 225/45 ஆர்18 டயர் நான்கு போடுவது. பணம் இறுக்கமாக இருந்தால் இதுதான் செய்ய வேண்டியது. மழையில் காரை நிறுத்துவது டயர். அகலமான வீலில் 245 போட்டு அழகு பார்ப்பவர்கள் ஒக்டோபர் மழையில் தேங்கிய தண்ணீருக்கு மேலே மிதந்துபோய்ப் பயந்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். அகலம் கூடினால் தண்ணீரை ஒதுக்குவது டயருக்குக் கஷ்டம். இந்த எடையுள்ள காருக்கு 225 தாராளம்.

இரண்டு மூன்று துண்டாகப் பூட்டிய, விளிம்பு கண்ணாடிபோல மினுங்கும் வீல்களையும் தம்பி கேட்டான். கடற்கரையிலிருந்து இருநூறு மீட்டரில் கார் நிறுத்துபவருக்கு அது வேலைக்காகாது. மரைன் டிரைவ் காற்று ஒரு வருடத்தில் அந்த மினுக்கத்தை வெள்ளைப் பொட்டுகளாக்கிவிடும். சுற்றிவர இருக்கும் சின்னச் சின்ன போல்ட்டுகள் அடுத்தது.

ஐந்தாவது வழி

இரண்டாவது சனிக்கிழமை, அதே நானாவின் கடை. கதவுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு செட், யாரும் தொடவில்லை. லான்சர் எவலூஷன் 8இன் ஒரிஜினல் வீல். 17 அங்குலம், 8 ஜே, +38. செய்தது என்கேய். பிசிடி 114.3. நடுத்துவாரம் 67.1, மஸ்டாவும் மிட்சுபிஷியும் ஒன்று என்று முன்னர் சொன்னேனே, அதுதான். வளையம் தேவையில்லை. ஒஃப்செட் 12 மில்லிமீட்டர் வெளியே, உள்ளே 12 மில்லிமீட்டர் இடம் கூடுகிறது. மட்கார்ட்டுக்குள்ளேயே நிற்கும், ஒரிஜினலைவிடச் சற்று நிரப்பியும் தெரியும். எவலூஷனின் முன் பிரேக் 320 மில்லிமீட்டர் டிஸ்க், நான்கு பிஸ்டன் பிரெம்போ கலிப்பர். அவ்வளவு தடித்த கலிப்பருக்கு இடம் விட்டுச் செய்த வீல் மஸ்டாவின் ஒற்றைப் பிஸ்டன் கலிப்பருக்கு இடம் விடாதா? மாட்டிச் சுழற்றிப் பார்த்தோம். விட்டது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இது ஒரு கார் நிறுவனம் தன் பெயரை வைத்து, தன் உத்தரவாதத்தோடு, பந்தயத்துக்குப் பெயர்போன காருக்குப் போட்ட வீல். ஆர்பிஎஃப்1 அளவுக்கு இலகு அல்ல. எங்கள் 18ஐவிட இலகு. நம் நாட்டில் எவலூஷன் கார்கள் ஓரளவு இருப்பதால் ஒன்று போனால் இன்னொன்று தேடலாம். விலை, நானா டீஈ37க்குச் சொன்னதில் கால்வாசிகூட வரவில்லை. யாரும் கேட்பதில்லை என்பதுதான் காரணம். படங்களில் வராத வீல்.

தம்பி நீண்ட நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அண்ணா, ஆக்கள் கேட்டா என்ன வீல் எண்டு சொல்லுறது?" என்றான். எவலூஷன் வீல் என்று சொல், அது வெட்கப்பட வேண்டிய பெயர் இல்லை என்றேன். அவனுடைய இடத்தில் பணத்தோடு நான் இருந்திருந்தால் புதிய ஆர்பிஎஃப்1 17ஐத்தான் எடுத்திருப்பேன், இதை அவனிடமும் மறைக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தில் நான்கு நல்ல டயரும் முன் சொக்கப்சோபர் இரண்டும் வரும், அவனுடைய சொக்கப்சோபர் ஒன்று ஏற்கெனவே ஒயில் கக்கிக்கொண்டிருந்தது.

நான்கையும் பேலன்ஸ் மெஷினில் ஏற்றினோம். மூன்று நேர். நாலாவதில் உள்விளிம்பில் ஒரு சின்னக் காயம், ஆட்டம் இல்லை. எடுத்தோம். 225/50 ஆர்17 டயர் தேடுவது கஷ்டமாக இருக்கவில்லை, சில ஐரோப்பியக் கார்களுக்கும் அதே அளவு. நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்க விடவில்லை. கூம்பு முகம் கொண்ட நட்டா என்று பார்த்து, டோர்க் ரெஞ்சால் 100 நியூட்டன் மீட்டர், நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு தடவை. ஹொண்டாவின் உருண்டை முக நட்டை இதில் போட்டால் இறுகினதுபோல இருக்கும், இறுகாது.

இப்போது மூன்று மாதம். தெஹிவளைப் பாலத்தின் இணைப்பில் முன்பு கார் குதிக்கும், இப்போது இருமுகிறது. சித்தி பின்சீட்டில் இருந்து முறைப்பாடு செய்வதை நிறுத்திவிட்டார். தம்பியின் போன் திரையில் மட்டும் வெண்கல நிற டீஈ37 போட்ட ஓர் ஆர்எக்ஸ்-8 இன்னும் நிற்கிறது. நான் பார்க்கும்போது போனைத் திருப்பிக்கொள்கிறான்.